மின் கிதார் தந்தியின் தடிமன்

மின் கிதார் தந்தியின் தடிமன் என்பது மின் கிதாரில் பூட்டப்படும் உலோகத் தந்திகளின் குறுக்களவைக் குறிக்கும். இசைக்கலைஞர்கள் இதனைக் 'கேஜ்' என வழங்குவர். இது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படுகிறது. '10' என்பது 0.010 அங்குலத்தை, அதாவது 0.254 மில்லிமீட்டரைக் குறிக்கும். ஆறு தந்திகள் கொண்ட ஒரு தொகுதி, அதிலுள்ள மிக மெல்லிய முதல் தந்தியின் அளவால் பெயர் பெறுகிறது. தந்தியின் தடிமன் கருவியின் ஒலிநயத்தையும், விரல்களுக்குத் தேவைப்படும் விசையையும், கருவியின் கழுத்தின் மீதான சுமையையும் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகும்.

வழக்கிலுள்ள அளவுகள்

பரவலாகக் கிடைக்கும் தொகுதிகள் பின்வருமாறு (முதல் தந்தி முதல் ஆறாம் தந்தி வரை):

* 9 தொகுதி: 9, 11, 16, 24, 32, 42
* 10 தொகுதி: 10, 13, 17, 26, 36, 46
* 11 தொகுதி: 11, 14, 18, 28, 38, 49

முதல் மூன்று தந்திகள் பொதுவாக வெற்று எஃகுக் கம்பிகளாகும். மற்ற மூன்றும் எஃகு உட்கம்பியின் மீது மெல்லிய கம்பி சுற்றப்பட்டவை. ஒரே கம்பியைத் தடிமனாக்கினால் அது விறைப்படைந்து, அதன் மேற்சுரங்கள் சரியான மடங்குகளிலிருந்து விலகிவிடும். கம்பி சுற்றுவதால் விறைப்பு அதிகம் கூடாமல் நிறை மட்டும் கூடுகிறது.

இயற்பியல் அடிப்படை

17ஆம் நூற்றாண்டில் மெர்சென் வகுத்த விதிகளின்படி, தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். எனவே நீளமும் சுருதியும் மாறாதிருந்தால், வெற்றுத் தந்தியின் இழுவிசை தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடும்.

25.5 அங்குல நீளமுள்ள கிதாரில் முதல் தந்தியை 329.6 ஹெர்ட்சுக்குச் சுருதி சேர்க்கத் தேவையான இழுவிசை ஏறத்தாழ:

* 9 தந்தி: 6.0 கிலோகிராம் எடை
* 10 தந்தி: 7.4 கிலோகிராம் எடை
* 11 தந்தி: 8.9 கிலோகிராம் எடை

24.75 அங்குல நீளமுள்ள கிதாரில் இவ்விசை ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். சுருதியை ஒரு முழுச்சுரம் இறக்கினால் ஏறத்தாழ 20 விழுக்காடு குறையும். ஆகவே ஒரு முழுச்சுரம் இறக்கப்பட்ட 11 தந்தி, இயல்பான சுருதியிலுள்ள 10 தந்தியை ஒத்த இழுவிசையைப் பெறுகிறது.

தடித்த தந்தி எளிதில் அறுபடாது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் ஒரே நீளத்திலும் சுருதியிலும் வெற்றுத் தந்தியின் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பின் மீதான விசை, எல்லாத் தடிமன்களுக்கும் சமமாகும். மெல்லிய தந்தி விரைவில் அறுபடுவதற்குத் துருவும் தேய்வுமே முக்கியக் காரணங்கள். ஒரே ஆழமுள்ள துருப்புள்ளி, மெல்லிய தந்தியின் குறுக்குப்பரப்பில் பெரிய பங்கை அரித்துவிடுகிறது.

ஒலிநயம்

மின் கிதாரின் பிக்கப், காந்தப்புலத்தில் அதிரும் எஃகுத் தந்தியால் தூண்டப்படும் மின்னழுத்தத்தை வெளியிடுகிறது. தடித்த தந்தியில் காந்தத்தால் கவரப்படும் உலோகம் அதிகமாதலால் வெளியீடு வலுவாக இருக்கும். மெல்லிய தந்தி ஒரே மீட்டலுக்கு அகலமாக அதிர்கிறது. இதனால் பலமாக மீட்டும்போது சுருதி ஒரு கணம் உயர்ந்து விழுவதும், தந்தி மெட்டுகளில் உரசி இரைவதும் உண்டு. எனினும் இறுதி ஒலியில் பிக்கப், மின்பெருக்கி, மீட்டும் முறை ஆகியவற்றின் பங்கும் பெரிதாகும். தடித்த தந்தியே சிறந்த ஒலியைத் தரும் என்று பொதுவிதி கூற இயலாது.

வரலாறு

1950களில் மின் கிதார்களில் தடித்த தந்திகளே வழக்கில் இருந்தன. சில கலைஞர்கள் முதல் தந்தியின் இடத்தில் பாஞ்சோ தந்தியைப் பூட்டினர். 1960களில் எர்னி பால் நிறுவனத்தின் 'ஸ்லிங்கி' தொகுதிகள் மெல்லிய தந்திகளைப் பரவலாக்கின. பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, தொழிற்சாலை விபத்தில் இரு விரல்நுனிகளை இழந்தபின் மெல்லிய தந்திகளைக் கொண்டே தொடர்ந்து இசைத்தார். இதற்கு மாறாக ஸ்டீவி ரே வான் 13 தந்தியைப் பூட்டி, சுருதியை அரைச்சுரம் இறக்கி வாசித்தார்.

கருநாடக இசையில்

கமகங்களை இசைக்கத் தந்தியை மெட்டின் மீது பக்கவாட்டில் இழுப்பது வீணையில் நெடுங்கால வழக்கமாகும். மின் கிதாரில் ஒரு முழுச்சுரம் உயர்த்த, தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 26 விழுக்காடு கூட வேண்டும். இதற்காகத் தந்தியை நகர்த்த வேண்டிய தூரம் வெற்றுத் தந்திகளில் தடிமனைப் பொறுத்து மாறுவதில்லை. விரல் தர வேண்டிய விசையே மாறுகிறது. 11 தந்திக்கு 9 தந்தியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விசை தேவை. நீண்ட நேரம் கமகம் வாசிப்போரின் விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் இவ்வேறுபாடு முக்கியமானதாகும்.

சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின் கிதாரில் கருநாடக இசையை வாசித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மரபான மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைப் பயன்படுத்தினார். ஒரு சுரத்துக்கு ஒரே தந்தியை இழுத்தால் போதும் என்பதால் கமகம் எளிதாகிறது.

தேனி மாவட்டமும் ஏலமலைச் சரிவுகளும்

போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலையின் அடிவாரப் பகுதியிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, இசையமைப்பாளராகும் முன்னர் கிதார் கலைஞராகப் பணியாற்றினார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர். கிளாசிக்கல் கிதாரில் நைலான் தந்திகள் பூட்டப்படுகின்றன. இவற்றின் அதிர்வைக் காந்தப் பிக்கப் உணராது.

இப்பகுதியின் நிலவமைப்பு தந்திகளின் நடத்தைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் கூடுகிறது. வெப்பநிலை 6 பாகை செல்சியசு குறைவதாகக் கொண்டால், எஃகு சுருங்குவதால் முதல் தந்தியின் சுருதி ஏறத்தாழ 9 சென்ட்டும், வெற்று மூன்றாம் தந்தியின் சுருதி ஏறத்தாழ 24 சென்ட்டும் உயரும் (100 சென்ட் ஓர் அரைச்சுரமாகும்). கழுத்தின் மரமும் சிறிது சுருங்குவதால் உண்மையான மாற்றம் இதைவிடக் குறைவாக இருக்கும். தந்திகள் சமமாக மாறாததால், மலையேறிய பின் ஆறு தந்திகளையும் மீண்டும் சுருதி சேர்ப்பது அவசியம். மேலும், ஏலச்செடிக்கு உகந்த ஈரப்பதம் எஃகுக்கு உகந்ததன்று. வாசித்தபின் தந்திகளைத் துணியால் துடைத்து வைப்பது துருவைத் தாமதப்படுத்தும்.

தந்தி மாற்றும்போது

தடிமனை மாற்றும்போது மொத்த இழுவிசையும் மாறுவதால் கழுத்தின் வளைவு மாறும். இதனைக் கழுத்தினுள் அமைந்த டிரஸ் கம்பியால் சரிசெய்வர். குதிரையில் தந்தியின் நீளத்தையும் உயரத்தையும் திருத்த வேண்டும். நட்டிலுள்ள பள்ளம் குறுகலாக இருந்தால் தடித்த தந்தி அதில் சிக்கி, சுருதி நிலைக்காது. வில்சுருள்களால் தாங்கப்பட்ட குதிரையாயின் அவற்றின் இழுப்பையும் சமன்செய்ய வேண்டும். புதிதாகப் பயில்வோர் 9 அல்லது 10 தொகுதியில் தொடங்குவது வழக்கம். விரல்வலி மிகுந்தால் பயிற்சியைக் கைவிடுவதற்கு முன் ஒரு படி மெல்லிய தொகுதிக்கு மாறிப் பார்ப்பது பயன்தரும்.