மிசிசிப்பியில் வீழ்ந்த பாலம்

ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து சென்ற நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1ஆம் திகதி மாலை இடிந்து வீழ்ந்தது. 13 பேர் உயிரிழந்தனர். 145 பேர் காயமடைந்தனர். குண்டு வெடிக்கவில்லை, பூமி அதிரவுமில்லை. உலகின் மிகப் பெரிய செல்வந்த நாட்டில் நாளாந்தம் சுமார் 140,000 வாகனங்கள் பயணித்த பாலம் எவ்வாறு வீழ்ந்தது?

அப்பாலம் 1967 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே ஒகாயோ நதியின் மீதிருந்த 'சில்வர்' பாலம் வீழ்ந்து 46 பேர் மாண்டனர். அந்த அவலத்தின் பின்னரே பாலங்களை ஒழுங்காகப் பரிசோதிக்கும் தேசிய முறை அந்நாட்டில் உருவானது. அம்முறையின் கீழ் மினியாபொலிஸ் பாலம் 1990இலிருந்தே 'கட்டமைப்புக் குறைபாடுடையது' என வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஆயினும் அது உடனடி ஆபத்து எனக் கருதப்படவில்லை.

இக்காலத்தில் பணம் குறித்தும் வாதம் நடந்தது. மாநிலத்தின் பெற்றோல் வரி 1988 முதல் கலன் ஒன்றுக்கு 20 சதமாகவே நின்றது. அதனை உயர்த்தச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமூலத்தை ஆளுநர் ரிம் போலென்ரி 2007 மே மாதத்தில் இரத்துச் செய்தார். பாலம் வீழ்ந்த பின்னர், 2008 பெப்ரவரியில், அவரது மறுப்பையும் மீறிச் சட்டமன்றம் வரியை உயர்த்தியது. வரி படிப்படியாக 28.5 சதமாயிற்று. சுமார் 234 மில்லியன் டொலர் செலவில் புதிய பாலம் 2008 செப்டெம்பரில் திறக்கப்பட்டது.

எனினும் வரி உயர்ந்திருந்தால் பாலம் நின்றிருக்கும் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. உருக்குச் சட்டங்களைப் பிணைத்த தகடுகள் தேவையான தடிப்பில் ஏறத்தாழ அரைப்பங்கே இருந்தன என்று 2008 நவம்பரில் விசாரணை முடிவு தெரிவித்தது. அது வடிவமைப்பிலேயே நேர்ந்த தவறு. பின்னைய திருத்தங்கள் பாலத்தின் சுமையைக் கூட்டின. வீழ்ந்த அன்றும் திருத்தவேலைக்கான மணலும் கல்லும் அதன்மீது குவிக்கப்பட்டிருந்தன. 2003இல் எடுக்கப்பட்ட புகைப்படங்களில் அத்தகடுகள் வளைந்திருந்தமை தெரிகிறது. ஆனால் பரிசோதகர்கள் துருவையும் வெடிப்பையுமே தேடினர்.

ஆக, பணம் மட்டும் போதாது. கணக்கை மீண்டும் சரிபார்க்கும் கண்ணும் வேண்டும். பாலத்தைத் திறந்துவைக்க அரசியல்வாதிகள் முண்டியடிப்பர். பராமரிப்புக்கு நாடா வெட்டும் விழா கிடையாது. அதனாலேயே அச்செலவு ஆண்டுதோறும் பிற்போடப்படுகிறது. மினசோட்டாவில் இருபதாண்டுகள் அசையாதிருந்த வரி அசைய 13 உயிர்கள் போகவேண்டியிருந்தது.