256 குழிப் பலகை

விண்டோஸ் கணினியில் ஏதாவது ஒரு நிரலின் மேல் வலது க்ளிக் செய்து உள்ளே போனால், பழைய நிரல்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அதில் நிறத்தைக் குறைக்க ஒரு சின்னக் கட்டம். டிக் செய்தால் 8 பிட்டா, 16 பிட்டா என்று கேட்கும். அந்த 8 பிட்டை இந்த வருஷம் எத்தனை பேர் தொட்டிருப்பார்களோ. சமாதிக்கு நட்ட கல் அது ஒன்றுதான். கீழே படுத்திருப்பது 256 நிறத்தட்டு. அதை வைத்து சாகச விளையாட்டுகளுக்குப் பின்னணிப் படம் வரைந்த வேலையும் பக்கத்திலேயே படுத்திருக்கிறது.

அந்த வேலையை நான் கள்ளிக்காட்டில் உட்கார்ந்து செய்தேன். நெய்யாறு அணைக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர். பெயரில்தான் கள்ளி, கண்ணில் படுவதெல்லாம் ரப்பர். 2001-ல் நெய்யாற்றின்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காத்திருந்து, சாகச விளையாட்டு செய்ய உதவும் 'அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ' என்ற மென்பொருளைத் துண்டு துண்டாக பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் 1997-ல் எழுதத் தொடங்கி, இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. நாலாவது பிளாப்பி பழுது. மறுநாளும் பஸ்.

நிறத்தட்டு என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி பல்லாங்குழிதான். பல்லாங்குழியில் 14 குழி. இதில் 256. ஒவ்வொரு குழியிலும் ஒரு நிறம். படத்தில் இருக்கும் புள்ளிக்குத் தன் நிறம் தெரியாது. தன் குழியின் எண் மட்டும்தான் தெரியும். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 64 படி கொடுத்தது. பெருக்கிப் பார்த்தால் 2,62,144 நிறம். கடை முழுக்கத் துணி இருக்கிறது, ஆனால் ஒரு தடவைக்கு 256 துண்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது போல. லாபம் இடத்தில். 320-க்கு 200 அளவுள்ள படம் 64,000 பைட்டில் முடிந்துவிடும். ஒரு பிளாப்பியில் 22 படம் வைக்கலாம். அதையே 24 பிட்டில் வைத்தால் ஏழுதான் ஏறும்.

ஆனால் 256-உம் ஓவியனுக்குக் கிடைக்காது. எழுத்து, அம்புக்குறி, நாயகனின் தோல், தலைமுடி, சட்டை இவையெல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும் மாறக்கூடாது. அந்தக் குழிகள் விளையாட்டு முழுக்கப் பொது. மிச்சம் உள்ளவைதான் அந்தந்த இடத்துப் பின்னணிக்கு. இது தெரியாமல் என் விளையாட்டுக்கு வரைந்த அணைக்கட்டுப் படத்தை முதலில் ஏற்றினேன். நாயகன் உள்ளே நுழைந்தான், முகம் பாசிப்பச்சை. அவன் கன்னத்துக்கு வைத்திருந்த எண்ணில் நான் மதகடிப் பாசியை ஊற்றி வைத்திருக்கிறேன்.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா சிரித்தார். அம்மாவுக்குத் தாய்மாமன், ஆனால் எங்கள் எல்லாருக்கும் மாமாதான். கோயில் திருவிழா நாடகங்களுக்குச் சீன் வரைந்தவர். தர்பார் சீன், காட்டுச் சீன், தெருச் சீன் என்று சுருட்டி வைத்த துணிகள் எங்கள் வீட்டுப் பரணில் எலி கடித்துக் கிடந்தன.

"ராஜாவுக்கு என்ன நிறத்துல சட்டைன்னு கேட்டுட்டுத்தான் மக்களே நாங்க தூணுக்கே நிறம் கலக்குவோம். ரெண்டும் ஒண்ணாப்போச்சுன்னா ராஜா சீனுக்குள்ள போயிருவாரு, கேட்டியா?"

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு 96 குழியைப் பொதுவுக்கு ஒதுக்கிவிட்டு, 160-ல் படம் போட ஆரம்பித்தேன்.

மாமா கையில் இருந்தது 160 கூட இல்லை. ஆறேழு டப்பா பொடி நிறம், வச்சிரப் பசை, காடாத் துணி. பசையில் குழைத்த பொடி ஈரத்தில் கறுத்து நிற்கும், காய்ந்ததும் வெளுத்துவிடும். போதாததற்கு, பகலில் வரைந்த துணியைப் பார்ப்பது ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில். ஆகவே ஒரு நீலத்தைக் கலக்கும்போதே காய்ந்த நீலம், விளக்கடி நீலம் என்று இன்னும் இரண்டு நீலத்தை மனசில் பார்த்தாக வேண்டும். அவருக்குத் தொழில் பழக்கியவர் கம்பெனி நாடகத்து ஆள். டி.கே.எஸ். சகோதரர்களின் சபா 1925-ல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் அந்தத் துணிகளுக்குக் கிராக்கி இருந்திருக்கிறது. சிவகாசிக் காலண்டரில் நாம் கும்பிட்ட முருகனையும் லட்சுமியையும் வரைந்த கொண்டையராஜுவே நாடகத்துக்குச் சீன் வரைந்து கோவில்பட்டியில் தங்கியவர்தான். அந்தத் துணிகளுக்கு யாராவது இரங்கல் எழுதினார்களா என்று தெரியவில்லை. எழுதவில்லை என்றால் இதில் பாதியை அவை எடுத்துக்கொள்ளட்டும்.

வானம்தான் ஆளைக் கொல்லும். அணைக்குப் பின்னால் அகத்தியமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும் ஒரு சாயங்காலத்துக்கு நாற்பது குழி வேண்டும், என்னிடம் பதினாலு. வெறுமனே அடுக்கினால் வானம் ஏணிப்படியாகிவிடும். இதற்குத்தான் டிதரிங். இரண்டு நிறத்துக்கு நடுவில் உள்ள நிறம் இல்லையென்றால், இரண்டையும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெளித்துக் கண்ணை ஏமாற்றுவது. ஃபிளாய்டு, ஸ்டைன்பெர்க் இருவரும் 1976-ல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. ஒரு புள்ளியில் விழும் பிழையைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, கீழ் இடப்பக்கத்துக்கு 3, நேர் கீழே 5, கீழ் வலத்துக்கு 1 என்று கடனைப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. மென்பொருளே செய்துவிடும். நான் கையால்தான் தெளித்தேன். இயந்திரம் தெளித்தால் மேகம் எது, அழுக்கு எது என்று தெரியாது.

எல்லையில் பிறந்தவனுக்கு இது புது வித்தையும் இல்லை. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. வரைபடத்தில் கோடு. பேச்சில் கோடு விழவில்லை. பாறசாலைச் சந்தையில் மூன்று சொல் தமிழ், நாலாவது மலையாளம், ஐந்தாவது இரண்டுக்கும் பொது. தள்ளி நின்று கேட்டால் அது தனி நிறம்.

அமெரிக்காவில் இந்தப் புள்ளி தெளிக்கும் வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் மார்க் ஃபெராரி. லூகாஸ் ஃபிலிம் கேம்ஸின் 'லூம்' 1990-ல் வந்தபோது அவர் கையில் இருந்தவை பதினாறே நிறம், அதுவும் கண்ணைக் குத்தும் பதினாறு. அதில் புள்ளி தெளித்தே நிலவொளியை வரவழைத்தார். அதே வருஷம் சியரா நிறுவனம் 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்துக்குத் தாளில் வர்ணம் தீட்டி, ஸ்கேன் செய்து, 256-க்கு இறக்கியது. அழகுதான். ஆனாலும் நான் ஃபெராரி கட்சி. தாளில் முடித்துவிட்டுப் பிறகு குறைப்பது, சமைத்த பிறகு அரிசி பொறுக்குவது.

பிறகு 16 பிட் வந்தது. 65,536 நிறம். குழி கிடையாது, புள்ளியே தன் நிறத்தைச் சொல்லும். சிவப்புக்கு 5 பிட், நீலத்துக்கு 5, பச்சைக்கு மட்டும் 6. மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கமாக வேறுபாடு பிடிக்கும் என்பதால் இந்தச் சலுகை. எங்கள் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? ரப்பர் முற்றிய பச்சை, மரச்சீனி இலை, வாழைக் குருத்து எல்லாவற்றுக்கும் 64 படி. வானத்து நீலத்துக்கோ 32 படிதான். அங்கே ஏணி மறுபடி தலைகாட்டியது. 24 பிட் வந்ததும் அந்த ஏணியும் ஏறக்குறைய மறைந்தது.

ஒப்புக்கொள்கிறேன்: வானம் பிழைத்தது. எவனும் இப்போது கன்னத்துக்கும் பாசிக்கும் ஒரே எண் கொடுத்துத் தவிப்பதில்லை. அன்றைய விண்டோஸில் ஒரு ஜன்னலை விட்டு அடுத்ததைத் தொட்டால், தட்டு கைமாறி மற்ற ஜன்னலெல்லாம் பேய்க்கோலம் ஆகும். அந்தக் கூத்தும் ஒழிந்தது. ஆனால் வரைவதற்கு முன்னால் உட்கார்ந்து, இந்த ஊருக்கு எத்தனை பச்சை, அதில் எது தண்ணீருக்கும் பயன்படும், எதை நாயகனிடம் கடன் கேட்கலாம் என்று கணக்குப் போட்ட அந்த ஒரு நாள் போய்விட்டது. மாமா தூணுக்கு நிறம் கலக்காமல் சும்மா உட்கார்ந்திருந்த நாள் அதுதான்.

வாரிசு என்று ஜிஃப் இருக்கிறது. அதுவும் 1987-ல் பிறந்ததே. ஒரு சட்டத்துக்கு இன்னமும் 256 நிறம்தான். ஆனால் காலை வணக்கம் சொல்லி மினுங்கும் ரோஜாவாகப் பிழைப்பு நடத்துகிறது. வேறு என்ன சொல்ல.

குழிப் பலகையிலேயே ஒரு மாயம் இருந்தது. படத்தைத் தொடாமல் குழிகளை மட்டும் இருட்டாக்கினால் பகல் ராத்திரியாகும். எட்டு குழியில் எட்டு நீலம் வைத்து, நிறங்களை மட்டும் பல்லாங்குழி முத்து மாதிரி ஒவ்வொரு குழியாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், வரைந்த தண்ணீர் ஓடும். ஒரு புள்ளியும் நகராது, நிறம்தான் நகரும். அணையின் ஷட்டர் வழியாக நான் அப்படித்தான் நெய்யாற்றைத் திறந்துவிட்டேன். நான் படம் வரைந்த டீலக்ஸ் பெயின்ட் மென்பொருளில் 'டேப்' பட்டனைத் தட்டியதும் தண்ணீர் இறங்கியது. மாமா கட்டிலிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். "விடு" என்றார். அன்று ராத்திரி சாப்பாடு வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

விளையாட்டை நான் முடிக்கவில்லை. ஐந்து இடம் வரைந்து நின்றுபோனது. மாமாவும் போய்விட்டார்.

போன மழைக்காலத்தில் பழைய பிளாப்பியிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்த அணைப் படத்தின் கோப்பை இப்போதைய கணினியில் திறந்தேன். திறந்தது. எந்தக் குழியிலிருந்து எந்தக் குழி வரை சுழல வேண்டும், எவ்வளவு வேகம் என்ற குறிப்பு கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. படம் காட்டும் நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஷட்டருக்குக் கீழே எட்டு நீலக் கோடுகள், அசையாமல், மாமா காட்டுச் சீனில் போடும் அருவி மாதிரி.