தென்னாபிரிக்கப் பகிஷ்கரிப்பு சொல்லும் பாடம்

தென்னாபிரிக்காவின் விடுதலை பற்றிப் பேசும்போது நெல்சன் மண்டேலாவின் 27 ஆண்டுச் சிறைவாசமே முதலில் நினைவுக்கு வருகின்றது. அது இயல்பே. ஆயினும் இன ஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தில் பங்குகொண்ட பல்லாயிரம் பேர் தென்னாபிரிக்க மண்ணை ஒருநாளும் மிதித்திராதவர்கள். தொலைவில் இருந்துகொண்டு ஓர் அநீதிக்கு எதிராக உருப்படியாக என்ன செய்யமுடியும் என்ற கேள்வி இன்று பலரை வாட்டுகின்றது. அவர்களது அனுபவத்தில் அதற்குப் பதில் உண்டு.

1984 ஜூலை 19ஆம் திகதி, டப்ளின் நகரின் ஹென்றி வீதியிலுள்ள டன்ஸ் பேரங்காடியில் காசாளராக இருந்த மேரி மானிங் என்ற 21 வயது யுவதி, தென்னாபிரிக்காவில் விளைந்த இரண்டு கிறேப்புறூட் பழங்களுக்குப் பற்றுச்சீட்டுப் போட மறுத்தார். அந்நாட்டுப் பொருட்களைக் கையாள வேண்டாம் என்பது அவரது தொழிற்சங்கத்தின் பணிப்பு. நிர்வாகம் அவரை இடைநிறுத்தியது. சக ஊழியர்கள் சிலர் அவருடன் வெளியேறினர். இன ஒதுக்கல் பற்றி அவர்கள் அப்போது அதிகம் அறிந்திருக்கவில்லை. மறியலில் அவர்களோடு வந்து நின்ற நிம்ரோட் செஜாக்கே என்ற தென்னாபிரிக்கத் தொழிற்சங்கவாதியே அதன் கொடுமைகளை எடுத்துச் சொன்னார். அந்த வேலைநிறுத்தம் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1985இல் தென்னாபிரிக்காவைப் பார்த்துவரச் சென்ற அவர்கள் ஜொகன்னஸ்பேர்க் விமான நிலையத்திலேயே தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1987இல் தென்னாபிரிக்கப் பழங்கள், மரக்கறிகளின் இறக்குமதியை அயர்லாந்து அரசாங்கம் தடைசெய்த பின்னரே போராட்டம் ஓய்ந்தது.

பகிஷ்கரிப்பு டப்ளினில் பிறந்த யோசனையல்ல. கால் நூற்றாண்டுக்கு முன்னர், 1959 ஜூன் 26ஆம் திகதி, லண்டனில் ஜூலியஸ் நைரேரேயும் வணபிதா ட்ரெவர் ஹடில்ஸ்டனும் உரையாற்றிய கூட்டத்தில் அந்த இயக்கம் தொடங்கிற்று. அதற்கான அழைப்பு தென்னாபிரிக்காவின் உள்ளிருந்தே வந்தது என்பது இங்கு முக்கியமானது. பகிஷ்கரிப்பால் முதலில் பாதிக்கப்படுவோர் கறுப்பினத் தொழிலாளரே என்ற வாதம் அன்றும் எழுந்தது. ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் அல்பேர்ட் லுதூலி அந்தப் பாதிப்பை மறுக்கவில்லை. அடக்குமுறையின் காலம் சுருங்குமாயின் அந்த விலையைக் கொடுக்கத் தம்மக்கள் தயார் என்பதே அவரது நிலைப்பாடு. வெளியிலிருப்போர் என்ன செய்யவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள், அதன் சுமையைத் தாங்கப்போகிறவர்களே.

நாட்டினுள்ளும் இதே ஆயுதம் பயன்பட்டது. 1985 ஜூலையில் போர்ட் எலிசபெத் நகரின் கறுப்பின மக்கள் வெள்ளையரின் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினர். தமது குடியிருப்புகளிலிருந்து இராணுவம் விலகவேண்டும், பொது இடங்கள் எல்லோருக்கும் திறக்கப்படவேண்டும் என்பன அவர்களது கோரிக்கைகளுள் சில. வியாபாரம் படுத்ததும், தடுத்துவைக்கப்பட்ட தலைவர்களை விடுவிக்குமாறு அதிகாரிகளிடம் கேட்டவர்கள் வெள்ளை வர்த்தகர்களே.

இலங்கையருக்கும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டிக்குத் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுர, அதே ஆண்டின் பிற்பகுதியில் தடையை மீறி ஓர் அணியுடன் தென்னாபிரிக்கா சென்றார். பணம் அவர்களை இழுத்தது. திரும்பி வந்தவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அத்தடை முழுக்காலமும் நீடிக்கவில்லையாயினும், மீறுவோர் எதையேனும் இழக்கும்போதே பகிஷ்கரிப்புக்குப் பல் முளைக்கின்றது என்பதை அது காட்டிற்று.

1985இல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுங்காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தபோது தென்னாபிரிக்க நாணயம் சரிந்தது. 1986இல், பல்லாண்டு மாணவர் எதிர்ப்புக்கு உள்ளான பார்க்ளேஸ் வங்கி அந்நாட்டிலிருந்து வெளியேறியது. அதே ஆண்டில் ஜனாதிபதி ரீகனின் வீட்டோவை மீறி அமெரிக்கக் காங்கிரஸ் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. இவை மட்டுமே ஆட்சியை வீழ்த்தின என்பதற்கில்லை. கறுப்பினக் குடியிருப்புகளின் எழுச்சியும், தொழிலாளரின் வேலைநிறுத்தங்களும், பனிப்போரின் முடிவும் இல்லாமல் 1990 பெப்ரவரியில் மண்டேலாவின் சிறைக்கதவு திறந்திராது.

இன்று கைத்தொலைபேசியில் ஒரு விரலசைவால் உலகின் எந்த மூலையில் நிகழும் அநீதியையும் கண்டிக்கலாம். அடுத்த வாரம் அதை மறந்தும்விடலாம். அன்றைய இயக்கத்தினர் சாதாரண மனிதரிடம் கேட்டது சிறிய காரியம்: இந்தப் பழத்தை வாங்காதே, இந்த வங்கியில் கணக்கு வைக்காதே. ஆனால் அந்தச் சிறிய காரியத்தை 30 ஆண்டுகளுக்கு மேல் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தனர். கட்சி, மதம், தேசம் என்ற வேறுபாடுகளைக் கடந்து திருச்சபையாரும் கம்யூனிஸ்டுகளும் மாணவரும் ஒரே கோரிக்கையில் நின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் கொடியை முன்னே தூக்கியிருந்தால் அது சாத்தியமாகியிராது.

1994 ஏப்ரல் 27ஆம் திகதி கறுப்பின மக்கள் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர். இன ஒதுக்கல் சட்டங்கள் ஒழிந்தன. எனினும் உலகில் வருமான ஏற்றத்தாழ்வு மிக மோசமாக உள்ள நாடுகளில் ஒன்றாகத் தென்னாபிரிக்கா இன்றும் இருக்கின்றது. பகிஷ்கரிப்பு அநீதியான சட்டத்தைத் தகர்க்க உதவலாம். நீதியான சமூகத்தைக் கட்டுவதற்கு அது கருவியாகாது. அந்த வேலை வேறு. அதற்கு இன்னும் நீண்ட பொறுமை வேண்டும்.