தானுந்துத் தரைவிரிப்புத் துப்புரவு

தானுந்துத் தரைவிரிப்புத் துப்புரவு என்பது மகிழுந்து போன்ற ஊர்திகளின் உட்புறத் தளத்தில் பொருத்தப்பட்டுள்ள விரிப்பிலிருந்து மண், எண்ணெய், உணவுக் கறை, ஈரம், நாற்றம் ஆகியவற்றை நீக்கும் பணியாகும். வீட்டுக் கம்பளத்தை வெளியே எடுத்து உதறலாம், வெயிலில் உலர்த்தலாம். தானுந்தின் விரிப்போ இருக்கைகளுக்கும் நடு மேட்டுக்கும் அடியில் செல்வதால், இருக்கைகளைக் கழற்றாமல் அதனை முழுமையாக எடுக்க இயலாது. இப்பணியில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு இதுவே காரணம்.

அமைப்பு

இவ்விரிப்புகள் பொதுவாக பாலியெஸ்டர், நைலான், பாலிபுரோப்பிலீன் ஆகிய செயற்கை இழைகளால் ஆனவை. தளத்தின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் சூடாக்கி அச்சில் அழுத்தி வடிவமைக்கப்படுகின்றன. இழைப் பரப்பின் அடியில் ஒரு நெகிழிப் படலமும், அதற்கும் கீழே ஒலியையும் அதிர்வையும் குறைக்கும் தடித்த பஞ்சு அல்லது நுரை அடுக்கும் இருக்கும். மேலே ஊற்றும் நீர் ஓரங்களிலும் துளைகளிலும் இறங்கி இந்த நுரையைச் சென்றடைந்தால், மேற்பரப்பு உலர்ந்த பின்னரும் அங்கே நாள்கணக்கில் தங்கிவிடும்.

அழுக்கும் கறைகளும்

விரிப்பில் சேர்வதில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் மணலுமே. மணலில் உள்ள குவார்ட்சு மோவின் அளவுகோலில் 7 கடினம் கொண்டது. காலால் மிதிக்கப்படும்போது அது உப்புத்தாள் போல இழைகளைத் தேய்த்து மங்கச் செய்கிறது. எனவே நீர் படுவதற்கு முன்பே மணலை அகற்றுவது முதன்மையானது. நனைந்த மண் சேறாகி இழைகளின் அடிவரை இறங்கும். ஈரச் சேறு ஏற்கனவே படிந்திருந்தால், உலரும்வரை காத்திருந்து உதிர்த்து எடுப்பதே எளிது.

கடற்கரை மணலில் இன்னொரு சிக்கல் உண்டு. அதனுடன் வரும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் விரிப்பு எளிதில் உலராது; அடியிலுள்ள இரும்புத் தகடும் விரைவில் துருப்பிடிக்கும்.

பால், இரத்தம், வாந்தி போன்ற புரதக் கறைகளுக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் புரதம் உறைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். தேநீர், காப்பிக் கறைகள் நீர்த்த வினிகர் போன்ற மென் அமிலத்திற்கு இளகுகின்றன. எண்ணெய், மசகுப் பிசுக்குகளுக்குச் சலவைப்பொருள் தேவை. அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறு முனை எண்ணெயையும் நாடுவதால், எண்ணெய்த் துளிகள் சூழப்பட்டு நீருடன் வெளியேறுகின்றன. மெல்லும் பசையைப் பனிக்கட்டியால் இறுகச் செய்து பெயர்க்கலாம்.

குழம்பு, சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு போட்டவுடன் கறை செம்பழுப்பாக மாறுவதைக் கண்டு பலர் அஞ்சுவர். மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் நிறம் மாறுவதே இது; காரம் முழுதும் அலசப்பட்டால் மீண்டும் மஞ்சளாகும். குர்க்குமின் ஒளியில் சிதைவதால், எண்ணெயை நீக்கியபின் வெயில் நேரடியாகப் படும்படி வைத்தால் எஞ்சிய நிறம் படிப்படியாக மங்கும்.

செயல்முறை

முதலில் மிதியடிகள் வெளியே எடுக்கப்பட்டு, விரிப்பு தட்டி, வேக்கும் கிளீனர் எனப்படும் தூசி உறிஞ்சியால் பல திசைகளில் உறிஞ்சப்படுகிறது. இருக்கைக்கு அடியில் உறிஞ்சும்போது அங்குள்ள மின் இணைப்புகளை இழுக்கக் கூடாது. குறிப்பாக மஞ்சள் நிற உறையிட்டவை பொதுவாகக் காற்றுப்பை அமைப்பைச் சார்ந்தவை. பெட்ரோல் சிந்தியிருந்தால் மின்சாரத் தூசி உறிஞ்சியை இயக்குவது தீ விபத்தாக முடியக்கூடும்.

அடுத்து, நீர்த்த சலவைக் கரைசல் குறைந்த அளவில் தெளிக்கப்பட்டு, மென் தூரிகையால் தேய்க்கப்படுகிறது. தனிக் கறையாயின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்த்தால் பரவாது. பின்னர் வெள்ளைத் துணியால் அழுத்தி ஒற்றியெடுக்க வேண்டும். நிறத்துணி சாயம் விடலாம். கரைசலை ஓர் மறைவான மூலையில் முதலில் சோதித்துக்கொள்வது நன்று.

தொழில்முறை நிலையங்களில் நீராவித் துப்புரவு என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் நீராவியன்று. வெந்நீர்க் கரைசலை அழுத்தத்துடன் பாய்ச்சி, உடனுக்குடன் திரும்ப உறிஞ்சும் முறையே அது. இதன் பயன் பாய்ச்சும் திறனைவிட உறிஞ்சும் திறனையே பெரிதும் சார்ந்துள்ளது.

சுத்தம் செய்த சில நாள்களில் அதே இடத்தில் கறை மீண்டும் தோன்றுவதற்கு இரு காரணங்கள் உண்டு. அடியில் தங்கிய அழுக்கு, நீர் உலரும்போது நுண்புழை ஏற்றத்தால் இழை நுனிக்கு வருவது ஒன்று. அலசப்படாத சலவைப்பொருள் பிசுபிசுப்பாக எஞ்சிப் புதிய தூசியைப் பிடிப்பது மற்றொன்று. சோப்பைக் கூட்டுவது இவ்விரண்டையும் மோசமாக்கும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பயன்படுத்தும் பரிந்துரை பரவலாகக் காணப்படுகிறது. பொங்கும் நுரை கண்ணுக்கு நிறைவளித்தாலும், இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிச் சோடியம் அசிட்டேட்டு, நீர், கரியமில வாயு ஆகிவிடுகின்றன. புளித்த நாற்றத்திற்குச் சோடாவை உலர்வாகத் தூவி, சில மணி நேரம் கழித்து உறிஞ்சுவதே பயன் தரும்.

ஆனால் குளோரின் வெளுப்பானை வினிகருடனோ கழிப்பறை அமிலத்துடனோ சேர்த்தால் நச்சுக் குளோரின் வளிமம் வெளிப்படும். அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின்கள் உண்டாகும். தானுந்தின் சிறிய, மூடிய இடத்தில் இது உயிருக்கே ஊறு விளைவிக்கும். வெளுப்பான் இழையின் சாயத்தையும் கெடுப்பதால், விரிப்புகளுக்கு அதனைத் தவிர்ப்பதே முறை.

ஈரமும் பூஞ்சையும்

நனைந்த விரிப்பு 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிடில் பூஞ்சை வளரத் தொடங்கலாம். இது ஒவ்வாமையும் ஈளை நோயும் உள்ளவர்களைப் பாதிக்கும். நறுமணத் தெளிப்பு நாற்றத்தை மறைக்குமேயன்றி ஈரத்தைப் போக்காது.

காரணமின்றி விரிப்பு நனைந்திருந்தால் துப்புரவுக்கு முன் கசிவைக் கண்டறிய வேண்டும். குளிரூட்டியின் வடிகுழாய் தூசியால் அடைபட்டு, நீர் முன்னிருக்கைக் காலடியில் வழிவது மிகப் பொதுவானது. கசிவு பிசுபிசுப்பாகவும் இனிப்பு மணத்துடனும் இருந்தால் அது எஞ்சின் குளிர்நீர்மமாக இருக்கலாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது.

2015 திசம்பரில் சென்னையில் ஏற்பட்டது போன்ற நகர வெள்ளங்களில் மூழ்கிய ஊர்திகளுக்கு மேற்பரப்புத் துப்புரவு போதாது. வெள்ளநீரில் சாக்கடை கலந்திருப்பதால், இருக்கைகளைக் கழற்றி விரிப்பை வெளியே எடுத்து, அடி நுரையை மாற்றுவதே பாதுகாப்பானது. காற்றுப்பைக் கட்டுப்பாட்டகம் பல ஊர்திகளில் நடு மேட்டின் மீது, தளத்திற்கு அண்மையில் அமைந்துள்ளது. ஆகவே நீர் அவ்வளவு ஏறியிருந்தால் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, பணிமனையில் ஆய்வு செய்தல் வேண்டும். மேலே பளிச்சிடும் விரிப்பைக் கொண்டு வெள்ளத்தில் மூழ்கிய பழைய தானுந்தை விற்பவரும் உளர். வாங்குபவர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் வண்டலும் துருவும் உள்ளனவா எனப் பார்ப்பது பயனுள்ளது.

மிதியடிகளைத் திரும்பப் பொருத்துதல்

துப்புரவின் கடைசிப் படியான இது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. 2009 ஆகத்து 28 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் டியேகோ அருகே ஒரு லெக்சசு தானுந்து கட்டுக்கடங்காத வேகத்தில் சென்று விபத்துக்குள்ளானதில் நால்வர் உயிரிழந்தனர். வேறொரு மாதிரிக்கு உரிய ரப்பர் மிதியடியில் முடுக்கு மிதி சிக்கியதே காரணமாகக் கருதப்பட்டது. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டின் பிற்பகுதியில் டொயோட்டா நிறுவனம் மிதியடிச் சிக்கலுக்காக அமெரிக்காவில் ஏறத்தாழ 38 இலட்சம் ஊர்திகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது.

ஓட்டுநர் பக்க மிதியடி அந்த மாதிரிக்கு உரியதாகவும், தளத்திலுள்ள கொக்கிகளில் மாட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக இரு மிதியடிகளை இடுவதும், மிதிகளின் மீது பளபளப்பூட்டும் சிலிக்கோன் திரவம் பூசுவதும் கூடாது. எஞ்சினை நிறுத்திய நிலையில் முடுக்கு மிதியை முழுதும் அழுத்திவிட்டு, அது தடையின்றித் திரும்புகிறதா எனச் சோதித்த பின்னரே ஊர்தி இயக்கப்பட வேண்டும்.