ஹாங் துவா (திரைப்படம்)

1956இல் வெளிவந்த மலாய் வீரசாகச வண்ணப்படம். சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்தது. இயக்கியவர் இந்தியரான பணி மஜும்தார். நாயகனாக நடித்து இசையும் அமைத்தவர் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பிறந்த பி. ரம்லி (1929–1973). அவரை முதன்முதலில் நாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர்.

மலாக்கா வீரன் துவாவின் இடுப்பில் இருப்பது தாமிங் சாரி என்னும் மாயக் கிரிஸ். அந்தக் குத்துவாளை வைத்திருப்பவனை எந்த ஆயுதமும் வீழ்த்தாது என்பது ஐதீகம். பொய்ப்பழியால் துவாவுக்கு மரண தண்டனை. அவன் இறந்துவிட்டதாக நம்பிக் கொதித்தெழுகிறான் தோழன் ஜெபாட். மறைவிலிருந்து மீளும் துவா, சுல்தானின் ஆணைக்காக அந்தத் தோழனையே கொல்கிறான். வென்றவன் மனம் கலங்கி, நியாயம் யார் பக்கம் என்று தவிப்பதே முடிவு. படம் நிலைத்ததற்குக் காரணம் மாய ஆயுதமல்ல, இந்தத் தவிப்புதான். சண்டைகள் இன்றைய கண்ணுக்கு மந்தம், பாடல்கள் அப்படியல்ல.

1957 பெர்லின் திரைப்பட விழாவில் இப்படம் பங்கேற்றது. ஜெபாட்டை நாயகனாக்கி 1961இல் ஹுசைன் ஹனிஃப் 'ஹாங் ஜெபாட்' எடுத்தார். பினாங்கு ஜாலான் பி. ரம்லியில் உள்ள ரம்லியின் பழைய வீடு இன்று நினைவில்லம்.