மேஸ்திரியை ஏமாற்றும் வைரஸ்

துங்ரோ நோய் வந்து நெற்பயிர் ஆரஞ்சு மஞ்சளாகிக் கட்டையாக நின்றால், அந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை என்று சொல்கிறோம். "பூஞ்சாணத்துக்கு மருந்து இருக்கு, புழுவுக்கு இருக்கு, இதுக்கு மட்டும் ஏன் இல்லே?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். இதற்கு விடை காண நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

கதை தொடங்குவது ஹாலந்து நாட்டுப் புகையிலைத் தோட்டத்தில். தேமல் நோய் கண்ட இலையின் சாற்றை நல்ல செடியில் ஏற்றினால் அதற்கும் நோய் வருகிறது என்று அடால்ஃப் மேயர் 1886-ல் எழுதினார். பாக்டீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியையும் அந்தச் சாற்றிலுள்ள நோய் தாண்டிவிடுகிறது என்று ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி 1892-ல் கண்டார். 1898-ல் ஹாலந்தின் பெய்ஜெரிங்க் முக்கியமான ஒன்றைச் சொன்னார்: இது தனியாகப் பெருகாது, உயிருள்ள, வளர்கிற செடிக்குள்ளேதான் பெருகும். 1935-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி இந்த வைரஸைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். மேலே ஒரு புரத உறை, உள்ளே கொஞ்சம் மரபுப் பொருள், அவ்வளவுதான் வைரஸ் என்பது பிறகு தெளிவாயிற்று.

அப்படியானால் அது பெருகுவது எப்படி? வீடு கட்டுகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் கொடுக்கும் சீட்டைப் பார்த்து மேஸ்திரி ஆட்களை வேலைக்கு ஏவுகிறார். பயிரின் ஒவ்வொரு செல்லிலும் இப்படிச் சீட்டு வாங்கி வேலை தொடங்கி வைக்கும் புரதங்கள் உண்டு. வைரஸ் ஒரு கள்ளச் சீட்டோடு உள்ளே நுழைகிறது. மேஸ்திரியும் அதை வாங்கிக்கொண்டு வைரஸுக்கு வேண்டியதைச் செய்யச் சொல்லிவிடுகிறார். ஆளும் நம்முடையது, சரக்கும் நம்முடையது! மருந்தடித்து அந்த மேஸ்திரியை முடக்கினால் பயிரே படுத்துவிடும். வைரஸுக்கு மருந்து காண்பது கடினமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இனி நம் நெல்லுக்கு வருவோம். துங்ரோவைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1965-ல் வெளியிட்டார்கள். இந்த நோயில் இரண்டு வைரஸ்கள் கூட்டாளிகள் என்பது 1978-ல் இந்தோனேசியாவில் தெரிந்தது. குச்சி வடிவ வைரஸ்தான் பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குகிறது. ஆனால் பூச்சி மூலம் பரவ அதற்கு உருண்டை வடிவ வைரஸின் துணை வேண்டும். உருண்டையைத் தடுத்தால் குச்சியின் பரவலும் குறையும்.

இந்தோனேசியாவின் உத்ரி மேரா என்ற நெல் ரகம் அந்த உருண்டை வைரஸைத் தாங்கி நின்றது. காரணம் 2010-ல் வெளிவந்தது. 'இஐஎஃப்4ஜி' என்ற மேஸ்திரிப் புரதத்தில் அந்த ரகத்துக்குச் சிறு மாற்றம் இருக்கிறது. நெல்லின் சொந்த வேலை நடக்கிறது, வைரஸின் பிழைப்பு நடக்கவில்லை. ஆனால் இந்தக் குணம் தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும். ஒரு பக்கம் பழைய மேஸ்திரி இருந்தாலும் வைரஸுக்கு அது போதும். 2018-ல் ஐ.ஆர். 64 ரகத்தில் இதே புரதத்தின் மரபணுவைத் திருத்தி, உருண்டை வைரஸை எதிர்க்கும் செடிகளை உருவாக்கியதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

ஆக, வைரஸ் நோய்க்கு எதிர்ப்பு விதையிலேதான் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியுள்ள ரகத்தை விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குங்கள். நாற்றங்காலிலேயே தத்துப்பூச்சியைக் கவனியுங்கள். விளக்குப்பொறி வையுங்கள். நோய் கண்ட பயிரை ஆரம்பத்திலேயே பிடுங்கிப் புதையுங்கள். அறுவடை முடிந்ததும் மறுதாம்பு விடாமல் உழுதுவிடுங்கள். பக்கத்து வயல்காரரோடு பேசி ஒரே சமயத்தில் நடுங்கள். பயிர் மஞ்சளாகிறதே என்று யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். துங்ரோவாக இருந்தால் அது குணமாகாது, பூச்சிக்குத்தான் விருந்தாகும்.