வெம்மையின் அளவு: மலைப்பாதையும் மோட்டார் எஞ்சினும்

தலவாக்கலையிலிருந்து வட்டகொடை வழியாகப் பூண்டுலோயாவை நோக்கிச் செல்லும் பாதை தேயிலை மலைகளின் இடுப்பை வளைத்து வளைத்துச் செல்வது. அப்பாதையிற் பாரமேற்றிய லொறியொன்று முனகியபடி ஏறிவருவதும், வளைவொன்றிலே ஓரமாக நின்று ஆவி கக்குவதும், கிளீனர் வாளியை எடுத்துக்கொண்டு பீலித் தண்ணீரைத் தேடி ஓடுவதும் மலைநாட்டார் கண்டு பழகிய காட்சிகளாம். இக்காட்சியிலிருந்தே சாரதிகளிடையே ஒரு நம்பிக்கையும் பிறந்தது. எஞ்சினுக்குள் நீரோட்டத்தைத் தடுத்து நிற்கும் 'தெர்மோஸ்டாட்' என்னும் சிறு வால்வே கொதிப்புக்குக் காரணம். அதனைக் கழற்றி எறிந்துவிட்டால் மலைப்பாதையில் எஞ்சின் கொதியாது என்பதே அந்நம்பிக்கை. வெப்பநிலைநிறுத்தி எனத் தமிழில் வழங்கும் அச்சிறு கருவி எக்காரணம் பற்றித் தோன்றியது, எத்தொழிலைச் செய்கின்றது, அதனைக் கழற்றுவதால் விளைவது நன்மையா தீமையா என்பன ஆராயத்தக்கவை. இவ்வினாக்களுக்கு எஞ்சினின் வரலாறே தக்க விடையைத் தருகின்றது.

வெப்பத்தை வேலையாக மாற்றும் கலையில் மனிதன் கற்ற முதற்பாடம், எஞ்சினைக் குளிரவிடலாகாது என்பதாகும். 1712ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே தோமஸ் நியூகொமன் அமைத்த நீராவிப் பொறி சுரங்கங்களிலிருந்து நீர் இறைப்பதற்குப் பயன்பட்டது. உருளைக்குள் நீராவியைப் புகவிட்டு, பின்னர் அதனுள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சி, ஆவியை ஒடுங்கச் செய்வது அதன் முறை. ஒவ்வொரு வீச்சிலும் உருளை குளிர்ந்தது. அடுத்த வீச்சில் அதனை மீண்டும் சூடாக்குவதற்கே பெருமளவு நிலக்கரி செலவாயிற்று. கிளாஸ்கோ நகரில் இப்பொறியின் மாதிரியொன்றைப் பழுதுபார்த்த ஜேம்ஸ் வாட் இவ்விரயத்தின் காரணத்தை உணர்ந்தார். நீராவியை உருளையிலன்றி வேறொரு கலத்தில் ஒடுக்கலாம் என்னும் எண்ணம் 1765இல் அவருக்கு உதித்தது. 1769இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். உருளை எப்பொழுதும் உட்புகும் ஆவியளவு சூடாகவே இருத்தல் வேண்டும் என்பது வாட் கண்ட விதி. கைத்தொழிற் புரட்சியின் வேகத்துக்கு உதவிய பெருங் காரணங்களுள் இவ்விதியும் ஒன்று எனலாம்.

அந்நீராவியே இலங்கையின் மலைநாட்டையும் திறந்துவிட்டது. 1867இற் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், கூரிய வளைவுகளைக் கடந்து, வட்டகொடையினூடாக நீராவி எஞ்சின்கள் தேயிலையைச் சுமந்து சென்றன. அவற்றுக்கு நீர் கொதிப்பதே உயிர். மோட்டார் எஞ்சினுக்கோ நீர் கொதிப்பது நோய். இவ்வேறுபாட்டிலேயே நமது பொருளின் இரண்டாம் அதிகாரம் தொடங்குகின்றது.

எரிபொருளை உருளைக்கு வெளியே எரிக்காது உள்ளேயே எரிக்கும் எஞ்சின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. இங்கே பிரச்சினை தலைகீழாயிற்று. எரியும் வாயுவின் வெப்பம் இரும்பை உருக்கும் அளவுக்கு ஏறவல்லது. உருளையைக் குளிர்விக்காவிடின் எண்ணெய் கருகும், பிஸ்டன் இறுகும். டீசல் எஞ்சினை ஆக்கிய ருடோல்வ் டீசல், குளிர்விக்கும் நீரோடு வீணே வெளியேறும் வெப்பத்தை மிச்சப்படுத்த எண்ணி, 1893இற் செய்த முதற் சோதனை எஞ்சினை நீருறையின்றியே அமைத்தார். அவர் எண்ணம் நிறைவேறவில்லை. 1897இல் வெற்றிபெற்ற எஞ்சின் நீராற் குளிர்விக்கப்பட்டதேயாகும்.

1886இல் கார்ல் பென்ஸ் உரிமைப் பத்திரம் பெற்ற மூன்று சக்கர வண்டியில், உருளையைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறையாக இருந்தது. 1888இல் அவர் மனைவி பேர்த்தா பென்ஸ் இரு புதல்வருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை அவ்வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுக நீர் தேடி ஊற்ற நேர்ந்தது. பீலியைத் தேடி ஓடும் மலைநாட்டுக் கிளீனரின் தொழில் உலகின் முதல் நெடும் மோட்டார்ப் பயணத்தோடு கூடப் பிறந்ததென்பது சுவைக்கத்தக்க உண்மை. பின்னர் 1901இல் வெளிவந்த மெர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வகுத்தார். சிறு குழாய்கள் பல்லாயிரம் காற்றுக்கு முகங்கொடுத்து நின்றமையால், ஏறத்தாழ ஒன்பது லீற்றர் நீரே ஆற்றல் மிக்க எஞ்சினுக்குப் போதியதாயிற்று. அடுத்த ஆண்டாகிய 1902இல் இலங்கைக்கு முதல் மோட்டார்க் கார் வந்தது. 1904இல் மோட்டார்ச் சங்கமும் தோன்றிற்று. தோட்டத் துரைமாரின் கார்கள் மலைப்பாதைகளில் ஏறத் தொடங்கின.

இவ்வளவும் வெப்பத்தைப் போக்கும் கதை. ஆனால் ரேடியேட்டர் திருந்தத் திருந்த, வாட் கற்பித்த பழைய பாடம் புதிய வடிவில் திரும்பி வந்தது. கொடிய வெயிலிற் பாரத்தோடு மலையேறும் எஞ்சினைக் காக்கவல்ல ரேடியேட்டர், பனிபெய்யும் காலையில் வெறும் வண்டியோடு இறங்கும் எஞ்சினை அளவுக்கு மீறிக் குளிர்வித்தது. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் நன்கு ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, அடித்தட்டிலுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்கின்றன. எண்ணெய் தடித்திருப்பதால் உராய்வு கூடுகின்றது. இவற்றினும் கொடியது வேறொன்றுண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகின்றது. சூடான எஞ்சினில் அது புகையோடு போய்விடும். குளிர்ந்த சுவரிலோ பனித்துளியாகப் படிந்து, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, உலோகத்தை அரிக்கின்றது. உருளைத் தேய்வுக்கு உராய்வே தலையாய காரணம் என்று நம்பியிருந்தவர்களுக்கு, குளிரில் நிகழும் இவ்வரிப்பின் வன்மையை 1930களிற் பிரித்தானியாவில் நடந்த ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின. கொதித்து அழியும் எஞ்சினை யாவரும் காண்பர். குளிர்ந்து தேயும் எஞ்சினைக் காண்பார் இல்லை.

இக்குறையை நீக்கவே வெப்பநிலைநிறுத்தி மோட்டாருக்குள் வந்தது. வெப்பத்தைத் தானே அளந்து தானே ஆளும் கருவி என்ற எண்ணம் பழையது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொர்னேலிஸ் டிரெபெல் என்னும் ஒல்லாந்தர் முட்டை பொரிக்கும் அடுப்பொன்றை இவ்வழியில் அமைத்தார். 'தெர்மோஸ்டாட்' என்ற பெயரை 1830ஆம் ஆண்டளவிற் சூட்டியவர் ஸ்கொத்லாந்து அறிஞர் அன்ட்ரூ யூர். 1914இல் வெளிவந்த கடிலாக் எட்டு உருளை எஞ்சின், நீரோட்டத்தை இத்தகைய வால்வினால் ஆண்ட முன்னோடிகளுள் ஒன்று. எனினும் 1908 முதல் 1927 வரை கோடிக்கு மேல் விற்பனையான போர்ட் 'டி' கார், சூடான நீர் தானே மேலெழும் இயல்பை நம்பியே பெரும்பாலும் ஓடிற்று. வால்வு எதுவும் அதற்கு இருந்ததில்லை.

தொடக்கத்து வால்வுகள், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்தி போன்றவை. ரேடியேட்டருள் அமுக்கம் ஏற்றும் மூடி பரவியபோது, அவ்வமுக்கம் துருத்தியையும் நசுக்கியமையால் அவை தவறிழைத்தன. அமெரிக்காவில் சேர்ஜியஸ் வேர்னே 1930களில் உருவாக்கிய மெழுகுக் குளிகை இக்குறையைத் தீர்த்தது. செம்புக் கிண்ணத்துள் அடைத்த மெழுகு குறித்த வெப்பத்தில் உருகி விரிந்து, தண்டொன்றைத் தள்ளி, வால்வைத் திறக்கின்றது. குளிர்ந்தால் வில்லொன்று அதனை மூடுகின்றது. உலகத்து வண்டிகளிற் பெரும்பாலானவை இன்றும் இம்மெழுகையே நம்பி ஓடுகின்றன.

இனி, இவ்வால்வு செய்வது இன்னது, செய்யாதது இன்னது எனத் தெளிதல் வேண்டும். எஞ்சின் எவ்வெப்பத்துக்குக் கீழே இறங்கலாகாது என்பதை அது விதிக்கின்றது. எவ்வெப்பத்துக்கு மேலே ஏறலாகாது என்பதை விதிப்பது ரேடியேட்டரும், விசிறியும், பம்பும், மூடியுமேயாம். 71 பாகை செல்சியசில் திறப்பதும், 82 பாகையில் திறப்பதும், 88 பாகையில் திறப்பதும் எனப் பலவகை வால்வுகள் கிடைக்கின்றன. பெரும்பாரத்தோடு நெடிய ஏற்றத்தில் ஏறும் லொறியில் இம்மூன்றுள் எது இருப்பினும், சில நிமிடங்களில் அது முற்றாகத் திறந்துவிடும். அதற்குப்பின் கதவு திறந்த வீட்டில் கதவின் தன்மையைப் பேசிப் பயனில்லை. அடைபட்ட ரேடியேட்டரோடு ஓடும் வண்டி 71 பாகை வால்வினாற் சிறிது தாமதித்துக் கொதிக்கலாம், கொதியாதிராது.

மலைநாட்டின் உயரம் இவ்விடயத்திற் சில தனி இயல்புகளைச் சேர்க்கின்றது. ஏறத்தாழ முந்நூறு மீற்றர் உயர ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை தாழ்கின்றது. கடல்மட்டத்தில் நூறு பாகையிற் கொதிக்கும் நீர், வட்டகொடையில் ஏறத்தாழ 95 பாகையிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதிக்கும். அன்றியும் நுவரெலியாவின் காற்று கடற்கரைக் காற்றினும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஐதானது. ஆதலால் சாதாரண எஞ்சினின் வலுவும் அவ்வளவு குறைகின்றது. ரேடியேட்டரைக் குளிர்விக்கும் காற்றின் ஆற்றலும் குறைகின்றது. அமுக்கமேற்றும் மூடி சரிவர அமைந்திருப்பின் கொதிநிலை நூறு பாகைக்கு மேலே உயர்ந்து இக்குறை ஈடாகும். இற்றுப்போன இறப்பர் வளையத்தையுடைய மூடியோ அக்காப்பை இழந்துவிடுகின்றது. மலையிற் கொதிக்கும் வண்டிகள் பலவற்றில் குற்றவாளி வால்வன்று, மலிவான அம்மூடியே.

வால்வைச் சோதிப்போர் ஏமாறும் இடமும் இதுவே. பானையில் நீரைக் கொதிக்கவைத்து வால்வை அதிலிட்டுப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். 82 பாகை வால்வு மலைநாட்டுப் பானையிலும் திறக்கக் காணலாம். 88 பாகையில் திறக்கத் தொடங்கும் வால்வோ முற்றாகத் திறப்பதற்கு நூறு பாகையளவு வேண்டும். 95 பாகையிலேயே கொதித்து நின்றுவிடும் வட்டகொடைப் பானையில் அது பாதியளவே திறந்து நிற்கும். கொழும்பிலே நல்லதெனக் கண்ட வால்வு இங்கே பழுதெனக் கருதி எறியப்படுவதற்கு இவ்வுயரமே காரணமாகலாம்.

வால்வைக் கழற்றிவிட்ட வண்டியின் நிலை யாது? ஏற்றத்தில் அதற்கு ஊதியம் ஏதுமில்லை. வால்வு திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் குறுக்குவழியையும் அடைக்குமாறு அமைந்த எஞ்சின்கள் பலவுள. அவற்றில் வால்வைக் கழற்றினால் அவ்வழி திறந்தே கிடக்கும். சூடான நீரின் ஒரு பகுதி குளிராமலே எஞ்சினுக்குத் திரும்பும். கொதிப்பைத் தடுக்கச் செய்த செயலே கொதிப்பை வளர்க்கும். இறக்கத்திலோ கேடு உறுதியானது. எரிபொருள் அதிகம் எரியாது, குளிர்காற்றும் மூடுபனியும் முகத்தில் அறைய, கியரின் பிடியிலே நெடுந்தூரம் இறங்கும் எஞ்சின் விரைவிற் குளிர்ந்துவிடும். நாள்தோறும் இவ்வாறு ஏறி இறங்கும் வண்டியின் உருளைகள் தேய்வது வியப்பன்று. கணினி கட்டுப்படுத்தும் இக்கால எஞ்சின்களிலோ, நீர் குளிர்ந்திருப்பதை அறியும் உணரி, எஞ்சின் இன்னும் சூடேறவில்லை எனக் கருதி, மிகுதியான எரிபொருளை விடச் செய்கின்றது. அவ்வகையிற் பணமும் வீணாகின்றது.

மிகு வேகத்தை நாடுவோர்க்கும் இவ்வளவு பொருந்தும். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் போன்ற போட்டிகளில் ஓட்டம் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும், கொதிப்பதற்குக் காலமில்லை. அங்கே புறப்படும் கணத்திலேயே எண்ணெயும் உலோகமும் உரிய சூட்டில் இருத்தல் வேண்டும். உட்புகும் காற்றுக் குளிர்ந்தும் எஞ்சின் வெம்மையுற்றும் இருப்பதே வலுவுக்கு ஏற்ற நிலை. பின்வந்த ஆக்கியோர் இவ்வுண்மையை மேலும் நுணுக்கினர். 1990களிலிருந்து சில வண்டிகளில் மெழுகுக்குள்ளேயே மின்சூடாக்கி அமைந்தது. இலேசாக ஓடும்போது எஞ்சினை நூறு பாகைக்கு மேலும் சூடாக வைத்து எரிபொருளைச் சேமிப்பதும், பாரம் ஏறும்போது முன்கூட்டியே வால்வைத் திறந்து குளிர்விப்பதும் அதனாற் கைகூடின.

தேயிலைத் தொழிற்சாலையின் நடுவே வாழும் மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. உலர்த்தும் வெப்பம் மிகின் தூள் கருகும். குறையின் ஈரம் எஞ்சித் தூள் கெடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை அறிந்து காப்பவனே நல்ல தொழிலாளி. நியூகொமன் குளிர்வித்துக் கெடுத்ததை வாட் திருத்தினார். டீசல் சூட்டை விட்டுவைக்க எண்ணித் தம் பிழையைத் தாமே திருத்தினார். இருவர் பாடத்தையும் விரலளவு மெழுகிலே அடக்கியது வெப்பநிலைநிறுத்தி. ஆக்கியோர் குறித்த பாகைக்குரிய வால்வைப் பொருத்தி, ரேடியேட்டரைத் துப்புரவாக்கி, மூடியையும் விசிறிப் பட்டியையும் காலந்தோறும் சோதித்து ஓட்டுவதே மலைப்பாதைக்கு ஏற்ற முறையாகும். கொதிக்கும் வண்டிக்கு நோயை நாடாது காவலாளியை வெளியேற்றுவது வரலாறு கற்பித்த பாடத்தை மறப்பதாகும். அம்மறதிக்குரிய விலையைச் செலுத்துவோர், கடன்பட்டு லொறி வாங்கிய எளியோரேயாவர்.